சும்மா நடக்கவா வந்தீங்க?

அம்மாபேட்டை, சேலம்
ஏப்ரல் 20

அன்புள்ள வசந்தா,

கடிதம் கிடைத்தது. சர்க்கரை ஏறிவிட்டது என்று எழுதிய கையோடு பேரனுக்கு அதிரசம் சுட்டதையும் எழுதியிருக்கிறாய். அதில் உன் வாய்க்குள் போனது எத்தனை என்று கேட்க மாட்டேன்.

டாக்டர் நடக்கச் சொன்னதும் உனக்குக் கோபம் வந்திருக்கிறது. "விடியற்காலம் அடுப்பைப் பற்றவைத்ததிலிருந்து ராத்திரி பாலுக்கு உறை ஊற்றுகிற வரைக்கும் நடந்துகொண்டுதானே இருக்கிறேன், இதுக்கு மேல் எங்கேடி நடக்கிறது?" என்று கேட்டிருக்கிறாய். நல்ல கேள்வி. சுருக்கமாகப் பதில் சொல்ல எனக்கு வராது, பாடம் எடுத்த வாய்.

முதலில் இங்கத்திய சேதி. வெயில் கொளுத்துகிறது. மாம்பழம் வர ஆரம்பித்துவிட்டது, மல்கோவாதான் இன்னும் விலை இறங்கவில்லை. இவர் இரும்பாலையிலிருந்து ரிட்டயர் ஆனதிலிருந்து பேப்பரை வரி விளம்பரம் விடாமல் படிக்கிறார். உனக்குத் தெரியாத சேதி ஒன்று உண்டு. நான் வள்ளிக் கும்மி ஆடுகிறேன்.

சிரிக்காதே. எங்கள் பக்கம் இப்போது ஊருக்கு ஊர் இதுதான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் கோயில் மைதானத்தில் கூடுவோம். வாத்தியார் மைக்கில் பாடுவார். வள்ளி தினைப்புனம் காப்பது, முருகன் வேடனாக வருவது, கிழவனாக வருவது என்று கதை போகும். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் என்னைப் போன்ற பாட்டிகளும் ஒரே வட்டம். ஓர் அடி முன்னால் வைத்துக் குனிந்து தட்டி, நிமிர்ந்து திரும்பி மறுபடி தட்ட வேண்டும். பாட்டு வேகம் எடுக்க எடுக்க அடியும் மாறும். அத்தனை கையும் சேர்ந்து விழுந்தால் ஒரே சத்தம். ஒருத்தி பிந்தினாலும் காட்டிக்கொடுத்துவிடும். "அம்மணி, கை ஒரு ஊருக்குப் போவுது, கால் ஒரு ஊருக்குப் போவுது" என்று வாத்தியார் பாட்டுக்கு நடுவிலேயே மைக்கில் சொல்வார். யாரைச் சொல்கிறார் என்று எல்லோரும் திரும்பிப் பார்ப்போம். அரங்கேற்றத்துக்கு ஒரே நிறத்தில் சேலை எடுக்க வேண்டுமாம். அந்த நிறம் எது என்பதில் நடக்கிற சண்டை தனிக் கதை.

முன்பெல்லாம் இது ஆண்கள் ஆட்டம். பெண்களையும் ஆடவைத்த பெருமை கோவை மாவட்டத்துப் பத்ரப்பனுக்கு உண்டு. 2024-ல் பத்மஸ்ரீ அறிவித்தபோது அவருக்கு வயது 87. நாம் அதற்குள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறோம்!

ஆட்டத்தைப் பற்றி ஓர் ஆய்வு படித்தேன். நியூயார்க்கில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பல வருஷம் கவனித்து 2003-ல் வெளியிட்டார்கள். படிப்பது, செஸ் மாதிரி பலகை விளையாட்டு, வாத்தியம் வாசிப்பது, இவற்றில் ஈடுபட்டவர்களுக்கு மறதி நோய் குறைவாக வந்தது. உடம்பை அசைக்கிற பொழுதுபோக்குகளில் அந்தப் பட்டியலில் இடம் பிடித்தது நடனம் ஒன்றுதான். ஞாபகம் மங்க ஆரம்பித்தவர்கள் தாங்களாகவே ஆட்டத்தை விட்டிருக்கலாமே என்ற சந்தேகம் எனக்கும் உண்டு. ஆனாலும் காது கேட்டு, அடி நினைவு வைத்து, பக்கத்தில் இருப்பவளை இடிக்காமல் திரும்பிப் பார், மூளைக்கு அது எவ்வளவு வேலை என்று தெரியும்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன்.

போன வாரம் கும்மிக்காரிகள் சிலர் சேர்ந்து ஏற்காடு போனோம். முதல் பஸ், இருபது கொண்டை ஊசி வளைவு, கைக்குக் கை மாறிய எலுமிச்சம்பழம், எல்லாம் பழையபடிதான். மேலே காபி பூத்திருந்தது. கோடை மழை விழுந்து ஒன்பது பத்து நாளில் மொட்டெல்லாம் ஒன்றாக வெடிக்குமே, அந்தப் பூ. கிளை தெரியாத வெள்ளை, ரோடெல்லாம் மல்லிகை வாசம். எஸ்டேட் ஓரமாக நடந்துகொண்டிருந்தோம். மிளகுப் பறிப்பு முடிகிற சமயம். சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கிலைச் சாத்தி, கணுவில் கால் வைத்து ஏறி ஒருவர் பறிக்க, கீழே பெண்கள் சேகரித்துக்கொண்டிருந்தார்கள். முழங்காலில் துணி கட்டியிருந்த ஓர் அம்மா, "எந்த எஸ்டேட்டுக்குப் போறீங்க?" என்றார். எங்கேயும் இல்லை, நடக்கத்தான் வந்தோம் என்றேன். "சும்மா நடக்கவா வந்தீங்க? சேலத்துல இருந்தா?" என்று வாய்விட்டுச் சிரித்தார். கேலி இல்லை, நிஜமாகவே அவருக்கு விளங்கவில்லை.

அன்றைக்கு அவர் எங்களைவிட அதிகம் நடந்திருப்பார், சரிவில், சுமையோடு. எங்களுக்கு இறங்கும்போது உடம்பும் மனசும் லேசாக இருந்தன. அவருக்கு அந்தத் துணிக்கட்டு. நடை ஒன்றுதானே, பலன் ஏன் வேறு?

உடம்பு அசைந்தால் போதும் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 1953-ல் லண்டன் மாடி பஸ்களைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. உட்கார்ந்தே ஓட்டுகிற டிரைவர்களைவிட, படி ஏறி இறங்குகிற கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. அதைத்தான் நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அப்புறம் டென்மார்க்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சுமார் பத்து வருஷம் கவனித்து 2021-ல் வெளியிட்டது வேறு விதமாக இருந்தது. ஓய்வு நேரத்தில் உடம்பை அசைத்தவர்களுக்கு இதய நோயும் சாவும் குறைவு. வேலையில் உடம்பை முறித்தவர்களுக்கு இரண்டும் அதிகம். புகை, படிப்பு, வருமானம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் அப்படித்தான் வந்தது. இதை ஒப்புக்கொள்ளாத ஆராய்ச்சியாளர்களும் இருக்கிறார்கள்.

டென்மார்க்காரர்கள் சொல்கிற காரணம் எனக்குப் பக்கத்துத் தறிக்கூடத்தில் தினமும் தெரிகிறது. அங்கே தறி ஓட்டுகிற அண்ணன் ஒரு ஷிப்டு முழுக்கத் தறிக்குத் தறி நடக்கிறார், நூல் அறுந்தால் குனிந்து முடிச்சு, ஊடைநூல் சுற்றிய தார் தீர்ந்தால் மாற்றுவது. மூச்சு வாங்குகிற வேகம் கிடையாது, உட்காரவும் கிடையாது. ரத்த அழுத்தம் மணிக்கணக்கில் ஏறியபடி நிற்கும், அது இறங்கி உடம்பு தேறுவதற்குள் அடுத்த ஷிப்டு. நினைத்த நேரத்தில் அவரால் நிறுத்த முடியாது. கும்மியில் எனக்கு இரைத்தால் வட்டத்தை விட்டு விலகித் திண்ணையில் உட்காருவேன், யாரும் கேட்க மாட்டார்கள். பலனில் பாதி அந்தத் திண்ணையில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

உன் சமையலறை நடை எந்தக் கணக்கில் வரும்? டென்மார்க்காரர்கள் பேசியது சம்பள வேலை. வீட்டு வேலையை அதோடு சேர்ப்பது நான். பாதி வறுக்கும்போது கால் வலிக்கிறது என்று உட்கார்ந்தால் கடாய் கருகும். வீட்டு வேலை செய்கிற பெண்கள் சம்பளமில்லாத அந்த வேலைக்கு ஒரு நாளில் 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம் என்று 2024-ல் எடுத்த மத்திய அரசின் நேரக் கணக்கெடுப்பு சொல்கிறது. இவரிடம் படித்துக் காட்டினேன். "88 இருக்கா!" என்று சந்தோஷப்பட்டார்.

"எனக்கென்று பொழுதுபோக்கு எதுவும் கிடையாது" என்று எழுதியிருந்தாயே, அதுதான் என்னை உறுத்தியது. காலேஜில் கேரம் போர்டில் உன்னை ஜெயித்தவர்கள் யார்? 16 நாடுகளில் 65 வயதைத் தாண்டிய 93,263 பேரின் விவரங்களை அலசி 2023-ல் ஓர் ஆய்வு வந்தது. பொழுதுபோக்கு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு குறைவு, சந்தோஷமும் வாழ்க்கையில் திருப்தியும் கூடுதல். நம் நாடு அதில் இல்லை. அதற்காக நம் மனசு வேறு மண்ணில் செய்ததா என்ன?

மகள் வாங்கிக் கொடுத்த வாட்ச் விஷயம். பத்தாயிரம் காலடி முடியவில்லை என்று ராத்திரி ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறாயாம். அந்தப் பத்தாயிரம் எந்த டாக்டரும் அளந்து சொன்னதில்லை, 1965-ல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றுக்கு விற்பனைக்காக வைத்த பெயரில் இருந்த எண். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடிகிற, ஆனால் பாட முடியாத அளவு வேகம். வாட்ச் அதட்டி நடந்தால் அதுவும் இன்னொரு வீட்டு வேலைதான். சாப்பிட்டபின் கால் மணி நேரம் மெதுவாக நடந்தாலே உன் சர்க்கரைக்கு நல்லது, வேலை செய்கிற தசை இன்சுலினுக்குக் காத்திராமல் ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். மாத்திரையை மட்டும் நீயாக நிறுத்திவிடாதே.

உன் வீட்டுக்கார அண்ணனிடம் நான் சொன்னதாகச் சொல்: இனி சாயங்காலக் காபி அவர் பொறுப்பு. டிகாஷன் தண்ணியாக இருந்தால் இருக்கட்டும், திருத்தப் போகாதே. அந்த நேரத்தில் நீ மாடிக்குப் போ, பார்க்குக்குப் போ, எதிர்வீட்டம்மாவைக் கேரம் ஆடக் கூப்பிடு. போன இடத்திலிருந்து எனக்குப் போன் செய்து வீட்டுக் கதை பேசக்கூடாது.

சர்க்கரைக்கு மூன்று மாதச் சராசரி டெஸ்ட் எடுத்தாயா? அந்த எண்ணை எழுது. இங்கே குகைப் பகுதியில் ஆடித் திருவிழாவுக்கு வேஷம் கட்டி வண்டியில் வருவார்களே, அந்த வண்டி வேடிக்கைக்கு இந்தத் தடவை வரப் பார். உனக்குத் தட்டுவடை செட் உண்டு, காரச் சட்னி தூக்கலாக. அதிரசம் கிடையாது.

அன்புடன்,
மங்கை