ஈ-டைப்பா, 911-ஆ? விலைய மட்டும் பாக்காதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

பழைய ஸ்போர்ட்ஸ் கார் சேர்க்கிறவங்களுக்காக நீங்க போட்ட கட்டுரைய ஆர்வமா படிச்சேன், ஆனா ஜாகுவார் ஈ-டைப்பையும் போர்ஷே 911-ஐயும் வெறும் ஏல விலைய வெச்சு எடை போட்டது மனசுக்கு ஒப்பல.

ஈ-டைப் 1961-ல ஜெனீவால வந்துச்சு, 3.8 லிட்டர், 6 சிலிண்டர், கம்பெனி கணக்குப்படி 265 குதிரைசக்தி, அந்த நீள மூக்க வடிவமைச்ச மால்கம் சேயர் அதுக்கு முன்னாடி விமானக் கம்பெனில வேலை பாத்தவரு, காரப் பாத்தாலே அது தெரியும். அழகுன்னா அதுதான், எனக்கு சந்தேகமே இல்ல. 911-ங்கிறது 1963-ல 901-னு பேர் வெச்சுக் காட்டுன கார், நடுவுல சைபர் வர்ற மூணு இலக்க நம்பர் எங்களோடதுன்னு பிரெஞ்சு கார் கம்பெனி பெஜோ சொன்னதால பேர மாத்துனாங்க. ஆரம்பத்துல வெறும் 130 குதிரைசக்திதான், இன்ஜின் பின்னாடி, காத்துலயே குளிர்ற ரகம், ரேடியேட்டரே கிடையாது.

வாங்குறவங்க மொதல்ல பாக்க வேண்டியது துரு சார். ஈ-டைப்ல கதவுக்குக் கீழ இருக்கிற பெட்டிப் பகுதிதான் பாடியோட பலமே, அது அரிச்சிருந்தா மேல எவ்ளோ பளபளன்னு பெயின்ட் அடிச்சும் பிரயோஜனம் இல்ல. பின் பிரேக் சக்கரத்துகிட்ட இல்லாம, நடுவுல ரெண்டு பின் சக்கரத்துக்கும் சக்தியப் பிரிச்சுக் கொடுக்கிற டிஃபரென்ஷியல ஒட்டி உள்ள இருக்கும், அதுல டிஸ்க் மாத்தணும்னா பெரும்பாலும் பின் சஸ்பென்ஷனையே மொத்தமா எறக்கணும். அப்புறம் அசல் இன்ஜின்தானான்னு தெரிய, இன்ஜின் நம்பர் பழைய பதிவோட ஒத்துப்போகுதான்னு பாக்கணும், இது ரெண்டு காருக்குமே. 70-கள் நடுவுல துத்தநாகப் பூச்சு வர்றதுக்கு முந்தின 911-உம் துருல கொறஞ்சது இல்ல.

தினம் ஓட்ட ஆசைன்னா 911, ஈ-டைப்தான் வேணும்னா 1964-க்கு அப்புறம் வந்த 4.2 லிட்டர் வாங்குங்க, அதுல கியர்பாக்ஸ் ரொம்ப நல்லா இருக்கும்.

இப்படிக்கு,
உங்க வாசகன்