பழைய லென்ஸ் மீது மட்டும் பழி ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய 28 மி.மீ. வைட் ஆங்கிள் லென்ஸ் ஒன்றைப் புது மிரர்லெஸ் (உள்ளே மடங்கும் முகக்கண்ணாடி இல்லாத) கேமராவில் மாட்டிச் சோதித்த கட்டுரையை ஞாயிறு இணைப்பில் படித்தேன். தொலைவில் உள்ள கட்டடங்கள் மங்கல், மூலைகள் குழைசல், ஆகவே அந்தக் காலத்து லென்ஸ் இந்தக் காலத்து கேமராவுக்கு ஒத்துவராது என்று எழுதியவர் முடித்துவிட்டார். கேமராவும் லென்ஸும் பழுதுபார்ப்பதையே தொழிலாகச் செய்து ஓய்ந்தவன் நான். லென்ஸைப் பற்றி அவ்வளவு எழுதியவர், அதற்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டிய அடாப்டரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்கு அதுதான் உறுத்தியது.

கட்டுரையில் வந்த லென்ஸ் எம்42 ஸ்க்ரூ மவுன்ட், அதாவது திருகி மாட்டும் வகை. கேமராவோடு இணையும் அதன் மவுன்ட் ஃபிலிமிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். அவர் பயன்படுத்திய சோனி ஈ மவுன்ட் கேமராவில் அந்த இடைவெளி 18 மி.மீ. மட்டும். மீதி 27.46 மி.மீ.யை நிரப்புவதுதான் அடாப்டரின் வேலை. உள்ளே கண்ணாடி ஏதும் இல்லாத வெறும் உலோகக் குழாய் என்பதால் யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை. நீளம் சற்றுக் கூடினால் லென்ஸ் இன்ஃபினிட்டிக்கே, அதாவது வெகுதூரத்துக் காட்சி தெளியும் நிலைக்கே, போகாது. வாங்கியவர் மறுநாளே திருப்பிக் கொண்டுவருவார். அதனால் வேண்டுமென்றே கொஞ்சம் குட்டையாகச் செய்துவிடுகிறார்கள். குட்டையானால் ஃபோகஸ் வளையம் இன்ஃபினிட்டியைத் தாண்டியும் சுற்றும், அவ்வளவுதானே என்பது கணக்கு.

அவ்வளவுதானா? அடாப்டர் 0.1 மி.மீ. குட்டை என்று வைத்துக்கொள்வோம். 50 மி.மீ. லென்ஸில் உண்மையான இன்ஃபினிட்டி, வளையத்தில் ஏறக்குறைய 25 மீட்டர் குறிக்கு வந்துவிடும். 28 மி.மீ. லென்ஸில் அது 8 மீட்டர். 20 மி.மீ. லென்ஸ் என்றால் 4 மீட்டர்! கோணம் அகல அகல, அதே அடாப்டரின் அதே பிழை பெரிதாகத் தெரியும். "50 மி.மீ. நன்றாக இருந்தது, 28 சொதப்பிவிட்டது" என்று கட்டுரையாளர் ஒப்பிட்டிருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். வளையத்தை முனைவரை திருகி வைத்துத் தூரக் காட்சியை எடுத்ததாக வேறு எழுதியிருக்கிறார். ஃபிலிம் கேமராவில் அது நல்ல பழக்கம். குட்டை அடாப்டரில் அப்படிச் செய்தால், லென்ஸின் துளை அகலத் திறந்திருக்கும் எஃப்/2.8-இல் ஒரு புள்ளி 0.036 மி.மீ. வட்டமாக விரியும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 0.006 மி.மீ. அதாவது ஆறு பிக்சலுக்கு மங்கல். துளையை எஃப்/8-க்குச் சுருக்கினால் இது இரண்டு பிக்சலாகச் சுருங்கும். "எஃப்/8-இல்தான் லென்ஸ் உயிர்பெறுகிறது" என்ற வரியை நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன். வளையத்தில் உள்ள குறிகளை மறந்துவிட்டு, எடுக்கப்போகும் அப்பர்ச்சரிலேயே (துளை அளவிலேயே) திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்தால் இந்தத் தொல்லை தீரும்.

எல்லா லென்ஸிலும் தீராது என்பதையும் சொல்ல வேண்டும். 1967-இல் வந்த நிக்கான் 24 மி.மீ. எஃப்/2.8 போன்றவற்றில் ஃபோகஸ் வளையம் திரும்பும்போது உள்ளே கண்ணாடிகளுக்கு இடையிலான தூரமும் மாறும். கிட்டத்தில் எடுக்கும்போதும் மூலைகள் தெளிவாக இருக்கச் செய்த ஏற்பாடு அது. அடாப்டர் குட்டையானால் வளையம் கிட்டத்துக் குறியில் நிற்கும், நாம் எடுப்பதோ தூரத்து மலை. கண்ணாடிகள் தப்பான இடைவெளியில் நிற்கும், மூலை கெடும். அடாப்டருக்குள் மெல்லிய ஷிம் தகடு வைத்து நீளத்தைச் சரிசெய்வதுதான் இதற்கு வழி.

அப்புறம் மூலைகள். நம் நாளிதழையே சுவரில் ஒட்டி அதைப் படம் எடுத்திருக்கிறார் (என் கடிதம் வரும் பக்கமும் ஒருநாள் அப்படி ஒட்டப்படலாம்). பல பழைய வைட் ஆங்கிள் லென்ஸ்களில் ஃபோகஸ் ஆகும் தளம் தட்டையாக இராது, வளைந்திருக்கும். நடுவில் ஃபோகஸ் செய்தால் ஓரம் மங்கத்தான் செய்யும். மூலையில் ஃபோகஸ் வைத்து இன்னொரு படம் எடுத்திருந்தால், கண்ணாடி நிஜமாகவே மோசமா, தளம்தான் வளைந்திருக்கிறதா என்பது அங்கேயே தெரிந்திருக்கும். வலது கீழ் மூலை மட்டும் அதிகம் கெட்டிருந்தது என்கிறார். அப்படியானால் கேமராவைத் தலைகீழாக வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். படத்தில் கெட்ட மூலை இடம் மாறினால் கேமரா சுவருக்கு நேராக நிற்கவில்லை. மாறாமல் அங்கேயே இருந்தால் லென்ஸோ அடாப்டரோ சாய்ந்திருக்கிறது. அதே அடாப்டரில் வேறு லென்ஸ் மாட்டினால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.

புது சென்சாரோடு ஒத்துப்போகாத பழைய லென்ஸ்கள் உண்டு, மறுக்கவில்லை. ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களுக்கு (தனி ஜன்னல் வழியே பார்த்து எடுக்கும் வகை) செய்த சில வைட் ஆங்கிள்களில் பின்கண்ணாடி ஃபிலிமை ஒட்டினாற்போல் இருக்கும். ஒளி மிகச் சாய்வாக வந்து, சென்சார் மேலுள்ள கண்ணாடித் தகட்டில் விலகி, ஓரங்களைக் குழைத்துவிடும். சிலவற்றில் ஓரம் சிவந்தும் போகும். ஆனால் எஸ்.எல்.ஆர். லென்ஸின் கதை வேறு. அந்தக் கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் முகக்கண்ணாடி மேலெழுந்து மடங்க இடம் வேண்டும் என்பதற்காகவே 1950-இல் ஆஞ்சினியூ நிறுவனம், பின்கண்ணாடியைத் தள்ளி வைக்கும் ரெட்ரோஃபோகஸ் அமைப்பைக் கொண்டுவந்தது. பின்கண்ணாடி தள்ளி இருப்பதால் ஒளி அத்தனை சாய்வாக விழாது. எதிர்வெயிலில் படம் வெளிறுகிறது என்று கட்டுரையாளர் சொன்னது மட்டும் பெரும்பாலும் லென்ஸின் குறைதான். கண்ணாடி மேல் ஒளி எதிரொளிக்காமல் இருக்கப் பூசிய பழைய ஒற்றைப் பூச்சு அவ்வளவுதான் தாங்கும்.

அடாப்டரின் நீளத்தை மைக்ரோமீட்டரில் நாலு இடத்தில் அளந்துவிட்டு, அதே லென்ஸை அவர் மறுபடி சோதித்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்குள் வாசகர்கள் யாரும் மூலையைச் சரிசெய்கிறேன் என்று லென்ஸைத் திறக்க வேண்டாம். மூடும்போது கண்ணாடி அரை மயிரிழை விலகினாலும், இல்லாத குறை வந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கேமரா மெக்கானிக் ஒருவர்