பெயர் சொல்லக் கூடாத என் ஆசானுக்கு நன்றி

பெயர் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். அதனால் பெயரில்லாமல் நன்றி சொல்கிறேன். அவர் ஓய்வுபெற்ற கட்டமைப்புப் பொறியாளர். நான் முதுநிலை மாணவி. நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்களைப் பற்றி, ஒரு ரூபாய்கூட வாங்காமல் எனக்குக் கற்பித்தார்.

2001 ஜனவரி 26 அன்று குஜராத்தில் நிகழ்ந்த பூஜ் நிலநடுக்கத்திலிருந்து தொடங்கினார். 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் ஏன் சரிந்தன என்று கேட்டு, என்னையே யோசிக்க விட்டார். தரைத்தளத்தில் சுவர்கள் இல்லை, வாகனம் நிறுத்துவதற்காகத் தூண்கள் மட்டுமே. மேல் மாடிகளோ சுவர்களால் விறைத்து நின்றன. ஆட்டம் முழுவதையும் அந்தத் தூண்களே தாங்க வேண்டியிருந்தது. சென்னையிலும் தெருவுக்குத் தெரு இதே அமைப்புதான், கவலையாக இருக்கிறது.

பிறகு கம்பிக்கு வந்தார். தூணின் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் (கம்பி வளையத்தின்) முனையை 90 பாகையில் மடித்தால், வெளிப்புறக் கான்கிரீட் உதிர்ந்ததும் அது விரிந்துவிடும். 135 பாகையில் உள்நோக்கி மடித்தால் தூணின் உட்பகுதியை இறுகப் பிடித்துக்கொள்ளும். நிலநடுக்கத்தைத் தாங்கும் கான்கிரீட் கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 13920 கேட்பதும் இதைத்தான். இதைக் கரும்பலகையில் வரையாமல், கம்பி கட்டும் அண்ணன் ஒருவரிடம் அழைத்துச் சென்று மடிக்கவைத்தார். அவரும் எனக்கு ஆசிரியர்தான்.

தூண் உத்தரத்தைவிட வலுவாக இருக்க வேண்டும், உத்தரம் முதலில் வளைந்தால் உள்ளே இருப்பவர்கள் உயிர் பிழைப்பார்கள் என்பதை ஒவ்வொரு கணக்கின் முடிவிலும் நினைவூட்டுவார்.

ஐயா, ஆய்வறிக்கை முடிந்துவிட்டது. முதல் பிரதியை அடுத்த வாரம் நேரில் கொண்டுவந்து தருகிறேன்.