சட்டம் படிக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. மாமா வீட்டு விஷயம் அப்படியேதான் கிடக்கிறது, நீ அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

"எல்லா வார்த்தையும் ஒரே மாதிரி இருக்குப்பா, மண்டையில நிக்க மாட்டேங்குது" என்று சொன்னாய். அதற்கப்புறம் போனே இல்லை. ரிசல்ட்டைப் பற்றி நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். வார்த்தையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மனப்பாடம் பண்ணாதே. எந்த வார்த்தை வந்தாலும், வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, யாரைக் கட்டுப்படுத்துகிறது, எத்தனை நாள் கெடு என்று பார். வேலி போடாதே என்று எதிராளியைத் தடுப்பது இன்ஜங்ஷன். கீழ்க்கோர்ட்டு நடவடிக்கையையோ டிகிரியை (சிவில் கோர்ட்டின் தீர்ப்பாணையை) நிறைவேற்றுவதையோ நிறுத்தி வைப்பது ஸ்டே. பேப்பரில் இரண்டையும் 'தடை' என்றே போட்டுவிடுகிறார்கள். ஜாமீனில் வந்தவனை 'விடுதலை' என்று எழுதினால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். வழக்கு அப்படியேதானே இருக்கிறது! கோர்ட்டு குற்றச்சாட்டு வனையும் (முறையாகப் பதியும்) முன்பே போதிய முகாந்திரம் இல்லை என்று விடுவிப்பது டிஸ்சார்ஜ். அதையும் விசாரணை முடிந்து வரும் விடுதலையோடு சேர்த்துக் குழப்பாதே.

எக்ஸ்பார்ட்டியை, அதாவது ஒரு தரப்பு வராமலே ஆகும் தீர்ப்பை, மட்டும் நன்றாகப் படி. நம் வக்கீல் ஆபீஸுக்கு மஞ்சப்பையில் சம்மனை மடித்து வைத்துக்கொண்டு வருவார்கள். வாய்தா தேதி தாண்டியிருக்கும். கோர்ட்டில் பெயர் கூப்பிட்டு, ஆள் இல்லை என்று ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பும் ஆகியிருக்கும். நிலமே போச்சு என்று அழுவார்கள். போகவில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 9ஆம் கட்டளை 13ஆம் விதியில் மனுப் போட்டு, வராததற்குத் தகுந்த காரணம் காட்டினால் அதை ரத்து செய்ய வைக்கலாம். கெடு 30 நாள். சம்மன் முறையாகச் சார்வாகவில்லை, அதாவது முறைப்படி கொடுக்கப்படவில்லை என்றால், டிகிரி தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். அதுவும் தாண்டிவிட்டதா, தாமதத்தை மன்னிக்கக் கேட்டு காலவரையறைச் சட்டம் 5ஆம் பிரிவு இருக்கிறது. வராமல் விட்டவனுக்கே சட்டம் இத்தனை வழி வைத்திருக்கிறது பாப்பா. மறைக்காமல், காலத்தோடு வந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

உனக்கு மட்டும்தான் தடுமாற்றம் என்று நினைக்காதே. 2024 ஜூலை 1ஆம் தேதி புதுக் கிரிமினல் சட்டங்கள் வந்ததிலிருந்து பெரிய வக்கீல்களும் பிரிவு எண்ணை மாற்றிப் படிக்கிறார்கள். முன்ஜாமீன் முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 438ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதில் வந்த புதுச் சட்டத்தில் 482. ஹைகோர்ட்டில் வழக்கை ரத்து செய்யக் கேட்கும் பழைய 482 இப்போது 528. எங்கள் சீனியரே மனுவில் எண்ணை அடித்து எழுதுகிறார். "குமாஸ்தா பொண்ணு ஒருநாள் எனக்கு எதிர்த்தரப்புல நிக்கும்" என்றும் அவர்தான் எல்லோரிடமும் சொல்கிறார். எனக்கு அப்போது வரும் சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை. அப்பேர்ப்பட்ட பிள்ளை ஒரு போன் பண்ணக் கூடாதா?

மனப்பாடம் பண்ணாதே, கேஸ் கட்டைப் புரட்டிப் படி. லீவுக்கு வா, நம் ஆபீஸில் எவ்வளவோ கட்டு இருக்கிறது.

மெஸ் பணம் போட்டிருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. அரியர் ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி எது என்று மட்டும் மெசேஜ் போடு, கட்டிவிடுகிறேன். அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
அப்பா