ராஸ்கிராடின் முதல் பட்டம்: இவைலோ பெதேவ் அவர்களுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய பயிற்சியாளர் இவைலோ பெதேவ் அவர்களுக்கு,

வணக்கம். 2011-12 பல்கேரியக் கால்பந்து முதல்தர லீக்கில் நீங்கள் பயிற்றுவித்த லுடோகோரெட்ஸ் குழு வென்ற பட்டத்தைப் பற்றி நான் படித்த கட்டுரைகளில் பெரும்பாலானவை, அதன் உரிமையாளர் கிரில் டொமுஸ்சியெவின் பணத்தில் தொடங்குகின்றன. உங்கள் பெயர் மூன்றாம் பத்தியிலோ நான்காம் பத்தியிலோ தலைகாட்டுகிறது. சிலவற்றில் அதுவும் இல்லை. அந்த வரிசையை மாற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக எனக்கு இருப்பதால், இக்கடிதத்தை உங்கள் பெயருக்கே எழுதுகிறேன். நீங்கள் வாழ்ந்து கடந்த செய்திகளையே உங்களிடம் திருப்பிச் சொல்ல நேர்வதைப் பொறுத்தருள வேண்டும். உடன் படிக்கும் தமிழ் வாசகர்களில் பலருக்கு அவை புதியவை.

பல்கேரியாவின் வடகிழக்கில், துருக்கிய மொழியில் டெலியோர்மான் என்றும் பல்கேரிய மொழியில் லுடோகோரியே என்றும் வழங்கும் நிலப்பகுதியில் இருக்கிறது ராஸ்கிராட். இரண்டு பெயர்களுக்கும் பொருள் ஒன்றுதான்: பித்துக் காடு. சுமார் 34,000 பேர் வாழ்ந்த அவ்வூரின் லுடோகோரெட்ஸ் குழு, 2011 கோடையில்தான் முதன்முறையாக உயர்நிலை லீக்கில் கால் வைத்தது. அப்போது அந்த லீக்குக்கு ‘ஏ குழு’ என்று பெயர். அதே ஆண்டு, பக்கத்து ஊரான தர்கோவிஷ்டேயின் ஸ்வெத்காவிட்சா குழுவும் மேலேறி வந்தது. அப்பெயருக்கு மின்னல் என்று பொருள். ஒரே சீசன் ஆடிவிட்டு அது மீண்டும் கீழே இறங்கியது. புதிதாக மேலேறி வரும் சிறிய ஊர்க் குழுவுக்கு வழக்கமாக நேர்வது அதுதான், உங்கள் குழுவிடமும் பலர் அதற்கு மேல் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

பணம் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. மருந்து உற்பத்தித் தொழிலில் பொருளீட்டிய டொமுஸ்சியெவ் 2010இல் குழுவை வாங்கினார். பிரேசில் நாட்டவரான மார்செலினோவும், ஸ்லோவாக்கியரான குல்தானும், பிரெஞ்சுக்காரரான பார்த்தும் வந்தார்கள். தலைநகரின் பெரும் குழுவான சி.எஸ்.கே.ஏ. சோபியாவில் பெயர் பெற்றிருந்த எமில் கர்கோரோவும் இவான் ஸ்டோயானோவும் உங்களிடம் ஆடினார்கள். ஆனால் பணம் படைத்த உரிமையாளர்கள் பல்கேரியாவில் அதற்கு முன்பும் இருந்தார்கள். இரண்டாம் நிலையிலிருந்து ஏறி வந்த குழு அடுத்த ஆண்டே பட்டம் வெல்லும் என்று எந்தக் காசோலையாலும் உறுதி கூற முடியாது. பல நாடுகளிலிருந்து வந்து சேர்ந்த ஆட்டக்காரர்களைச் சில மாதங்களுக்குள் ஒரே மூச்சில் ஓடும் பதினொருவராக ஆக்கியது உங்கள் உழைப்பு. லோவெச்சில் பிறந்த உங்களுக்கு அப்போது 37 வயதுகூட நிறையவில்லை. பெரும்பாலான உரிமையாளர்கள், குழு மேலேறியதும் பெயர் பெற்ற ஒருவரை அழைத்து வந்து, ஏற்றிவிட்டவரை நன்றி கூறி அனுப்பிவிடுவார்கள். டொமுஸ்சியெவ் உங்களை வைத்துக்கொண்டார். அவருக்கு உரிய பாராட்டில் முதன்மையானது அந்த முடிவுக்கே சேர வேண்டும் என்பது என் கருத்து.

அந்த சீசனின் இறுதிப் புள்ளிப் பட்டியலின் முதல் இரண்டு வரிகளை ஒரு தாளில் எழுதி என் மேசையில் வைத்திருக்கிறேன். லுடோகோரெட்ஸ்: 30 ஆட்டம், 22 வெற்றி, 4 டிரா, 4 தோல்வி, 70 புள்ளி. சி.எஸ்.கே.ஏ.: 30 ஆட்டம், 22 வெற்றி, 3 டிரா, 5 தோல்வி, 69 புள்ளி. வெற்றிகள் சமம். மே 23 அன்று, கடைசிச் சுற்றில், இவ்விரண்டு குழுக்களும் ராஸ்கிராடில் நேருக்கு நேர் மோதியபோது வருகை தந்த சி.எஸ்.கே.ஏ. இரண்டு புள்ளிகள் முன்னே நின்றது. அவர்களுக்கு டிரா போதும், உங்களுக்கு வெற்றியன்றி வேறு வழியில்லை. 1948இல் தொடங்கப்பட்டு, அந்த முதல் ஆண்டிலேயே பட்டம் வென்று, அதன் பின் எண்ணிக்கையை 31 வரை உயர்த்திய குழு அது. சீசனின் அதிக கோல் என்ற பெருமையை உங்கள் ஸ்டோயானோவும் அவர்களின் ஜூனியர் மொராயெஸும் ஆளுக்கு 16 கோல்களுடன் பகிர்ந்துகொண்டார்கள். எனினும் அன்று மாலை அவர்கள் இருவரும் கோல் அடிக்கவில்லை. நடுகள வீரர் மிரோஸ்லாவ் இவானோவின் காலிலிருந்து வந்த ஒரே கோல் ஆட்டத்தையும் சீசனையும் முடித்துவைத்தது.

அந்தக் கோலை எல்லோரும் பேசுகிறார்கள்; பேச வேண்டியதுதான். என் கண் மட்டும் திரும்பத் திரும்ப அந்த டிரா என்ற கட்டத்திலேயே நிற்கிறது. நான்கு டிராக்களில் ஒன்று தோல்வியாக மாறியிருந்தால், இரண்டு குழுக்களும் 69 புள்ளியில் வந்து நின்றிருக்கும், இவானோவின் கோல் மட்டும் பட்டத்தைத் தீர்த்திருக்காது. ஏதோ ஓர் ஊரில், வெல்ல முடியாது என்று தெரிந்த பிறகும் தோற்காமல் பிடித்து நின்ற கடைசிச் சில நிமிடங்களில்தான் ஒரு புள்ளி சேர்ந்திருக்கிறது. அந்த நிமிடங்களில் களத்தின் ஓரத்தில் நின்று யாரை உள்ளே அனுப்புவது, யாரைப் பின்னால் இழுப்பது என்று முடிவெடுத்தவர் நீங்கள். உரிமையாளரின் செல்வம் அங்கே வந்து நிற்க முடியாது.

அந்த லீக் பட்டத்தோடு பர்காஸில் லோகோமோட்டிவ் பிளாவ்டிவை 2-1 என வென்று பெற்ற தேசியக் கோப்பையும், கோடையில் சூப்பர் கோப்பையும் சேர்ந்தன. ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் மட்டும் குரோஷியாவின் டினாமோ சாக்ரெப், தொண்ணூறு நிமிடங்களுக்குப் பின் சேர்க்கப்பட்ட காயநேரத்தின் எட்டாவது நிமிடத்தில் அடித்த கோலால் உங்களை வெளியேற்றியது. பின்னாளில் அதே சாக்ரெப் குழு உங்களைப் பயிற்சியாளராக அழைத்ததை எண்ணி மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். 2013இல் மீண்டும் ஒரே புள்ளி வித்தியாசத்தில், இம்முறை லெவ்ஸ்கியைப் பின்னால் தள்ளிப் பட்டத்தைத் தக்கவைத்தீர்கள். தலைநகரின் இரு பெரும் குழுக்களையும் அடுத்தடுத்த ஆண்டுகளில் கடைசி நாளில் முறியடித்தவருக்கு ராஸ்கிராடில் நீண்ட காலம் இடம் இருக்கும் என்றே எவரும் எண்ணியிருப்பார்கள். ஆனால் அடுத்த சீசனின் முதல் ஆட்டத்தில், முன்பு நீங்களே பயிற்றுவித்த, புதிதாக மேலேறி வந்த லுபிமெட்ஸ் குழுவிடம் தோற்றதும் உங்களை நீக்கிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதும்போது இன்றும் எனக்கு மனம் கனக்கிறது. 2013 அக்டோபரில் லெவ்ஸ்கி உங்களைப் பயிற்சியாளராக அறிவித்த செய்தியாளர் சந்திப்பில், ரசிகர் சிலர் உள்ளே நுழைந்து, நீங்கள் சி.எஸ்.கே.ஏ. அனுதாபி என்று குற்றஞ்சாட்டி, நீங்கள் அணிந்திருந்த லெவ்ஸ்கியின் நீலச் சட்டையை உங்கள் உடம்பிலிருந்து கழற்றினார்கள். மேசையின் பின்னால் அமர்ந்திருந்த நீங்கள் அவர்களைத் தள்ளவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை. மறுநாள் பதவியிலிருந்து விலகினீர்கள். அந்தக் காணொளியை ஒரு முறை பார்த்தேன். மறுமுறை பார்க்க முடியவில்லை. பதினேழு மாதங்களுக்கு முன் சி.எஸ்.கே.ஏ.யின் கையிலிருந்து பட்டத்தைப் பறித்த மனிதரைப் பார்த்துச் சொல்லப்பட்ட குற்றச்சாட்டு அது! ஒரு பயிற்சியாளர் சிறுவயதில் எந்தக் குழுவை விரும்பினார் என்பதை வைத்து அவரது உழைப்பை அளக்கும் வழக்கம், பல்கேரியக் கால்பந்துக்கு மட்டுமன்று, எந்நாட்டுக் கால்பந்துக்கும் தீங்கே செய்யும். அடுத்த ஆண்டின் இறுதியில் நாட்டின் தேசிய அணியே உங்கள் பொறுப்பில் வந்தது என்பதில் எனக்குச் சற்று ஆறுதல் உண்டு.

இன்று லுடோகோரெட்ஸ் என்றதும் வெளியுலகம் நினைப்பது, 2014 ஆகஸ்ட் இரவில் கோல்கீப்பர் வெளியேற்றப்பட்ட பின் கையுறை அணிந்து ருமேனியாவின் ஸ்டேவா குழுவின் இரண்டு பெனால்டிகளைத் தடுத்த தடுப்பாட்டக்காரர் கொஸ்மின் மோட்ஸை. அரங்கின் ஒரு பகுதிக்கே அவர் பெயர் சூட்டப்பட்டது, அது தகும். உள்நாட்டிலோ, 2012இல் தொடங்கி 2025 வரை இடைவிடாமல் 14 பட்டங்கள் வந்துவிட்டதால், பேச்சு சலிப்பில் முடிகிறது. ஐரோப்பியப் போட்டிகளின் பரிசுத்தொகை ஆண்டுதோறும் ஒரே கருவூலத்தில் சேர்ந்தது. மறுபுறம் சி.எஸ்.கே.ஏ. 2015இல் கடன் சுமையால் மூன்றாம் நிலைக்குத் தள்ளப்பட்டது. இடைவெளி அப்படித்தான் விரிந்தது. சலிப்படைந்தவர்களை நான் குறை கூறமாட்டேன். ஆனால் அந்தச் சலிப்பை 2012க்கும் நீட்டுவது தவறு. பின்வந்த பட்டங்களில் பலவற்றைச் செல்வத்தைக் கொண்டு விளக்கலாம். முதல் பட்டத்தை, அந்த மே மாத மாலையின் தொண்ணூறு நிமிடங்களையும் 22, 4, 4 என்ற மூன்று எண்களையும் விட்டுவிட்டு விளக்க இயலாது.

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அந்த முப்பது ஆட்டங்களின் கதையை, ஆட்டம் ஆட்டமாக, உங்கள் சொற்களில் எழுதிவையுங்கள். உடைமாற்றும் அறையில் மே 23 அன்று நீங்கள் சொன்னதை அங்கிருந்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். அதைப் பிறரும் எழுதக்கூடும். அந்த நான்கு டிராக்களில் எந்த ஆட்டத்தின் முடிவில், தோற்றிருக்க வேண்டியதைக் காப்பாற்றிவிட்டோம் என்று நீங்கள் பேருந்தில் அமர்ந்து நினைத்தீர்கள் என்பதை மட்டும் நீங்கள்தான் சொல்ல முடியும்.

மிகுந்த மதிப்புடன்,
உங்கள் ஆட்டங்களைத் தொலைவிலிருந்து தொடர்ந்து வந்த ஒரு தமிழ் வாசகன்