பொம்பெயிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் டீச்சருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்துப் புதைந்துபோன இத்தாலிய ஊர் பொம்பெயி. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகப் போகிறீர்கள் என்பதில் மிகவும் மகிழ்ச்சி. உங்கள் பயணத் திட்டத்தில் ஒரே ஒரு விஷயம்தான் உறுத்துகிறது. முதலில் ஃபோரம் என்னும் நகரச் சதுக்கம், அப்புறம் கோயில்கள், பணக்கார வீடுகள், நேரம் மிச்சமிருந்தால் கடைத்தெரு என்று போட்டிருக்கிறீர்கள். பயணத்தின் தலைப்போ 'ரோமானியரின் அன்றாட வாழ்க்கை'. அப்படியென்றால் வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள். மாவு அரைத்தவர்கள், துணி வெளுத்தவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள் முதலில் வரட்டும். ஃபோரம் கடைசியில் போதும். ஃபோரத்தில் தொடங்கினால், தூண்களைப் பார்த்துப் படம் எடுப்பதிலேயே பிள்ளைகளின் காலைச் சுறுசுறுப்பு தீர்ந்துவிடும். வேலை நடந்த இடங்களுக்கு வரும்போது கால் வலியும் பசியும்தான் மிஞ்சியிருக்கும்.

முதலில் டிக்கெட். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எந்த நாட்டுக் குடிமக்களானாலும் நுழைவு இலவசம். இலவசம்தானே என்று கைவீசிக்கொண்டு போய்விட முடியாது. 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேர்தான் உள்ளே போகலாம், டிக்கெட்டும் பெயர் போட்டுத்தான் வரும். அதனால் பாஸ்போர்ட்டில் எப்படி எழுத்துக்கூட்டு இருக்கிறதோ அப்படியே ஒரு பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே தயார் செய்யுங்கள். நம் பிள்ளைகளின் இனிஷியலை ஒரு தாளில் முன்னாலும் இன்னொரு தாளில் பின்னாலும் எழுதினால் வாசலில் நின்று விளக்கம் சொல்ல வேண்டிவரும். பை விஷயமும் அப்படித்தான். 30×30×15 சென்டிமீட்டருக்கு மேல் பெரிய பை உள்ளே கொண்டுபோக முடியாது. ஸ்கூல் பையோடு வந்தால் எல்லாவற்றையும் பாதுகாப்பு அறையில் ஒப்படைத்து, சாயங்காலம் அதே வாசலுக்குத் திரும்பி வந்து வாங்க வேண்டும். நான் கீழே சொல்லும் வழி ஒரு வாசலில் நுழைந்து இன்னொரு வாசலில் முடிவது, ஆகவே ஆளுக்கொரு சின்னத் தோள்பை மட்டும்.

நேப்பிள்ஸிலிருந்து ரயிலில் வருவதானால் சர்க்கம்வெசூவியானா ரயிலில் சொரெந்தோ போகும் வண்டியைப் பிடித்து 'பொம்பெய் ஸ்காவி – வில்லா தெய் மிஸ்தேரி' நிலையத்தில் இறங்குங்கள். முப்பத்தைந்து, நாற்பது நிமிடப் பயணம். வெறும் 'பொம்பெய்' என்று பெயர் போட்ட வேறு நிலையங்களும் உண்டு, குழப்பம் வருவது அங்கேதான். இந்த நிலையத்துக்கு எதிரிலேயே போர்ட்டா மரீனா வாசல். கூட்டம் முழுக்க அங்கேதான் நுழையும், காலை பத்து மணிக்கு மேல் வழிகாட்டிகளின் கொடிகளுக்கு நடுவில் உங்கள் பிள்ளைகளைத் தேட வேண்டியிருக்கும். சுமார் இருபது நிமிடம் வெளியே நடந்தோ, வேன் வைத்திருந்தால் அதிலோ, கிழக்குப் பக்கமுள்ள பியாட்சா ஆன்ஃபிதியாத்ரோ வாசலுக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து மேற்கே நடந்தால் கூட்டம் உங்களுக்கு எதிர்த்திசையில் வரும். கடைசியில் போர்ட்டா மரீனா வழியாக இறங்கி நேரே ரயில் ஏறலாம். அந்த இறக்கம் செங்குத்து, கல்லும் வழவழப்பு. மழை பெய்திருந்தால் ஒருவர் பின் ஒருவராக ஓரத்தைப் பிடித்து இறங்கச் சொல்லுங்கள்.

செருப்பு கூடவே கூடாது, ஷூதான் போட வேண்டும். தெருவெல்லாம் எரிமலைக் கருங்கல் பாவியது, மேடும் பள்ளமுமாக இருக்கும், கணுக்கால் எளிதில் பிசகிவிடும். நிழல் அநேகமாகக் கிடையாது. ஜூலை, ஆகஸ்ட்டைத் தவிர்த்து ஏப்ரல் அல்லது அக்டோபரில் போனால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. குடிநீர்க் குழாய்கள் உள்ளே பல இடங்களில் உண்டு, காலி பாட்டில் இருந்தால் போதும். கழிப்பறைகள்தான் குறைவு, நுழைந்தவுடன் எல்லாரையும் அனுப்பிவிடுங்கள்.

ஆன்ஃபிதியேட்டர் என்னும் திறந்தவெளி விளையாட்டரங்குக்குக் கால் மணி நேரம் போதும். கி.மு. 70 வாக்கில் கட்டியது, சுமார் 20,000 பேர் உட்காரலாம். கி.பி. 59இல் பக்கத்து ஊர் நுசேரியாக்காரர்களோடு இங்கே கைகலப்பு மூண்டு, உயிர்கள் போய், பத்து ஆண்டுகளுக்கு விளையாட்டுகளுக்குத் தடை வந்தது என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகருங்கள். அடுத்து 'தப்பியோடியவர்களின் தோட்டம்'. பதின்மூன்று பேரின் வார்ப்புகள் அங்கே இருக்கின்றன. சாம்பல் இறுகி, உள்ளே உடல் மட்கிப்போனதால் உண்டான வெற்றிடத்தில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி எடுத்தவை. 1863இல் அகழாய்வாளர் ஃபியோரெல்லி தொடங்கிவைத்த முறை. பல வார்ப்புகளுக்குள் உண்மையான எலும்பு இருக்கிறது. இதை வகுப்பறையிலேயே சொல்லிவிடுங்கள், அங்கே போய்த் திடீரென்று சொன்னால் சில பிள்ளைகள் அழுவார்கள், சிலர் சிரித்துச் சமாளிப்பார்கள். 'இது அம்மா, இது குழந்தை' என்று கதை கட்டவும் வேண்டாம். தங்கக் காப்பு வீட்டில் தாயும் பிள்ளையும் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டவர்கள் உறவினரே அல்ல, தாய் என்று கருதப்பட்டவர் ஆண் என்று 2024இல் வந்த மரபணு ஆய்வு காட்டிவிட்டது. எரிமலைக் குழம்பு ஓடிவந்து ஊரை மூடியது என்பதும் தவறு. முதல் நாள் மணிக்கணக்காக நுரைக்கல் மழை, அந்தப் பாரத்தில் கூரைகள் சரிந்தன. மறுநாள் காலை கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கலந்த அலை வந்து மிச்சமிருந்தவர்களைக் கொன்றது.

இனி வியா தெல்லாபொந்தான்ஸா. கிழக்கு மேற்காக ஓடும் இந்த நீளத் தெருதான் உங்கள் வகுப்பறை. இங்கே மூன்று பேருக்கு ஓர் அளவுநாடா கொடுங்கள். முதல் வேலை, வாசற்படிக் கல். வீட்டு வாசற்படியில் இரண்டு ஓரங்களிலும் கதவு சுழலும் குழி இருக்கும். கடை வாசற்படியில் நீளமாக ஒரு பள்ளம் ஓடி, ஒரு முனையில் மட்டும் குழி இருக்கும். பலகைகளை ஒவ்வொன்றாக அந்தப் பள்ளத்தில் சொருகி, கடைசிப் பலகையைக் கதவாகத் திறந்து மூடுவார்கள். இதைத் தெரிந்துகொண்டால் பிள்ளைகள் வரைபடம் பார்க்காமலே 'டீச்சர், இது கடை, அது வீடு' என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். இரண்டாவது, தெருவுக்குக் குறுக்கே போட்ட நடைக்கற்கள். தொட்டிகளில் நிரம்பி வழிந்த தண்ணீர் தெருவிலேயே ஓடியதால் காலை நனைக்காமல் கடக்கப் போட்டவை. கற்களுக்கு இடையே வண்டிச் சக்கரம் போகும் அளவுக்கு இடைவெளி இருக்கும், அதே கோட்டில் சக்கரத் தடம் கல்லில் குழிந்திருக்கும். இடைவெளியையும் தடத்தையும் அளந்தால் வண்டி அச்சின் அகலம் கிடைத்துவிடும்.

மூன்றாவது, தெருக் குழாய்த்தொட்டி. ஊரில் இப்படி நாற்பதுக்கும் மேல் இருந்தன, அநேக வீடுகளுக்கு எண்பது மீட்டருக்குள் ஒன்று. நாலு கருங்கல் பலகைகளை நிறுத்தி இரும்புக் கவ்விகளால் பிணைத்த தொட்டி, மேலே செதுக்கிய கல்லில் தண்ணீர் விழும் வாய். அந்த வாய்க்கு இரு பக்கமும் தொட்டி விளிம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் பிடிக்கக் குனிந்தவர்கள் கை ஊன்றி ஊன்றி, கல் கிண்ணம் போலத் தேய்ந்து வழவழத்திருக்கும். எந்தக் கை எங்கே ஊன்றியது என்று பிள்ளைகள் நின்று பார்த்தே கண்டுபிடிப்பார்கள். ஊரின் மேட்டில், வெசூவியஸ் வாசலருகே, நீர்ப்பங்கீட்டுக் கட்டடம். அங்கிருந்து ஈயக் குழாயில் இறங்கிய தண்ணீரின் அழுத்தம் குழாயை உடைத்துவிடாமலிருக்கத் தெருமுனைகளில் சுமார் ஆறு மீட்டர் உயரத் தூண்கள் கட்டி, உச்சியில் ஈயத்தொட்டி வைத்து அழுத்தத்தைக் குறைத்தார்கள். தூணின் பக்கத்தில் குழாய் பதித்த காடி இன்னும் தெரியும்.

அதே தெருவில் வெத்தூத்தியுஸ் பிளாகிதுஸ் சாப்பாட்டுக் கடை. கல்மேடைக்குள் பானைகள் பதித்திருக்கும். ஒரு பானைக்குள் கிட்டத்தட்ட மூன்று கிலோ சில்லறைக் காசு கிடைத்தது. 'இந்தப் பானைகளில் சூடான குழம்பு ஊற்றி வைத்தார்கள்' என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். மேடையில் பதித்த மண்பானையைக் கழுவுவது எப்படி என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். கொட்டை, பருப்பு போன்ற உலர்ந்த சரக்குதான் பல பானைகளில் இருந்திருக்கும் என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. ஐந்தாம் வட்டாரத்தில் அண்மையில் தோண்டிய கடையிலோ வாத்து எலும்பு, பன்றி, ஆடு, மீன், நத்தை எல்லாம் கிடைத்திருக்கின்றன. ஆக, எல்லாக் கடைக்கும் ஒரே விடை கிடையாது.

அதே தெருவில் கொஞ்சம் தள்ளி ஸ்தெபானுஸ் சலவைக்கூடம். சின்னத் தொட்டியில் துணியைப் போட்டு, தண்ணீரோடு புளித்த மூத்திரமும் வெளுப்பு மண்ணும் கலந்து, இரண்டு பக்கக் கட்டைச் சுவரில் கையூன்றி மணிக்கணக்காக மிதிப்பார்கள். மூத்திரத்தில் உண்டாகும் அம்மோனியா எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். அலசும் தொட்டிகள் ஒன்றோடொன்று இணைந்தவை, நல்ல தண்ணீர் ஒரு முனையில் நுழைந்து அடுத்தடுத்த தொட்டிக்கு வழியும், துணி எதிர்முனையில் தொடங்கி நல்ல தண்ணீரை நோக்கி வரும். இதைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைய முடியாது, அனுமதி இல்லை, நோட்டில் வரையட்டும். சிரிப்பு அடங்கியதும் ஒன்று கேளுங்கள். அந்தத் தொட்டியில் நாள் முழுக்க நின்றவரின் கால் என்ன ஆகியிருக்கும்?

இந்தத் தெருச் சுவர்களில் சிவப்பு மையில் தேர்தல் எழுத்துகள் இருக்கும். நம் ஊர்ச் சுவர் விளம்பரம் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். பழ வியாபாரிகள் சேர்ந்து இன்னாரைத் தேர்ந்தெடுங்கள் என்று எழுதுவார்கள். அசெல்லீனாவின் மதுக்கடையில் ஓட்டுரிமையே இல்லாத பெண்கள் பெயர் போட்டு ஆதரவு கேட்டார்கள். இரவில் எழுதிய ஓவியர் 'விளக்குக்காரா, ஏணியைப் பிடி' என்று எழுதிவைத்துப் போன சுவரும் உண்டு. மழையில் கரைந்ததும் கண்ணாடிக்குள் வைத்ததும் போக மிச்சம் கொஞ்சம்தான், படங்களை அச்செடுத்துக் கொண்டுபோங்கள்.

அதிக நேரம் பேக்கரிக்குக் கொடுங்கள். ஊரில் முப்பதுக்கு மேல் இருந்தன. போபிதியுஸ் பிரிஸ்குஸ் பேக்கரியில் நான்கு ஆலைகளும் அடுப்பும் நன்றாக நிற்கின்றன. கீழ்க்கல் கூம்பு, மேல்கல் இடுப்பு ஒடுங்கிய உடுக்கை வடிவம். மேல்கல்லின் குழிவில் தானியம் கொட்டினால் இரண்டு கல்லுக்கும் நடுவே அரைபட்டு மாவாகக் கீழே விழும். மேல்கல் இடுப்பில் சதுரத் துளைகள், அதில் மரச் சட்டம் பூட்டி, கழுதையோ அடிமையோ சுற்ற வேண்டும். ஆலைகளுக்கு நடுவே எவ்வளவு இடம் என்று அளக்கச் சொல்லுங்கள். ஒரு விலங்கு சுற்றுவதற்கு மேல் ஓர் அடி மிஞ்சாது. குளம்பு தேய்த்துத் தரை பள்ளமாகாமல் இருக்கத் தெருவில் போடும் அதே கருங்கல்லை உள்ளேயும் பாவியிருப்பார்கள். கல்லரைத்த மாவில் கல்தூளும் சேரும், தின்றவர்களின் பல் தேய்ந்தது அதனால்தான். பக்கத்தில் மொதெஸ்துஸ் பேக்கரி அடுப்பில் 81 ரொட்டிகள் கரிந்தபடி கிடைத்தன.

ஒன்பதாம் வட்டாரத்தில் 2023இல் வெளிப்பட்ட பேக்கரியைப் பற்றி இங்கே நின்று சொல்லுங்கள். சின்ன ஜன்னல்கள் உயரத்தில், அவற்றிலும் இரும்புக் கம்பி. வெளியுலகுக்குத் திறக்கும் கதவு கிடையாது, வழி வீட்டுக்குள்ளே மட்டும். மனிதர்களும் கழுதைகளும் அங்கே பூட்டப்பட்டு வேலை செய்தார்கள். அடிமை முறை என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் படித்தது அந்த அறையின் அளவில் புரியும்.

ஒன்றை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். பிரிஸ்குஸ் பேக்கரியிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் லுபனார் என்னும் விபசார விடுதி. 2023இல் மறுபடி திறந்த வெத்தி வீட்டிலும் நுழைந்தவுடனேயே ஆண்குறி பெரிதாக வரைந்த பிரியாபுஸ் என்னும் தேவனின் ஓவியம். இந்த வயதுப் பிள்ளைகளோடு லுபனாரை விட்டுவிடலாம். வெத்தி வீட்டுக்குப் போவதானால், கண்ணேறு படாமலிருக்க வாசலில் வைத்த சின்னம் என்று நேராகச் சொல்லிவிட்டு நடங்கள். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கும் தாளிலேயே இதைக் குறிப்பிட்டுவிட்டால் பின்னால் தகராறு வராது.

ஸ்தாபியன் குளியல்கூடத்தில் தரை உடைந்த இடத்தில் அடியில் வரிசையாகச் செங்கல் தூண்கள் தெரியும், அவற்றுக்கு நடுவில்தான் சூடான காற்று ஓடியது. ஃபோரம் குளியல்கூடத்தின் வெந்நீர் அறையில் கூரையைப் பாருங்கள். வளைவாக, நீள நீள வரிப்பள்ளங்களோடு இருக்கும். ஆவி குளிர்ந்த நீர் குளிப்பவர் தலையில் சொட்டாமல் பக்கச் சுவரில் வழிய அந்த ஏற்பாடு. அங்கே உள்ள பெரிய கல் கிண்ணத்தின் விளிம்பில் அதன் விலை 5,250 செஸ்டெர்ஸ் (ரோமானியக் காசு) என்று பொறித்திருக்கிறார்கள். இதற்குப் பிறகு ஃபோரம், அரை மணி நேரம், வெளியேறுங்கள்.

எந்தக் கட்டடமும் அன்றைக்குப் பூட்டியிருக்கலாம். பராமரிப்புக்காக மாற்றி மாற்றி மூடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று கையில் வைத்திருங்கள். வட்டார எண், மனைத்தொகுதி எண், வாசல் எண் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள், பெயரை மட்டும் நம்பினால் தேடி அலைய வேண்டும். ஸ்தெபானுஸ் I.6.7, வெத்தூத்தியுஸ் I.8.8, பிரிஸ்குஸ் VII.2.22.

நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தை முன்னால் வைக்காமல் மறுநாள் வையுங்கள். இடத்தைப் பார்த்த பிறகுதான் பொருள் பேசும். செவ்வாய்க்கிழமை விடுமுறை, தேதி போடும்போதே கவனியுங்கள். எட்டுத் துண்டாகக் கீறிய கரிந்த ரொட்டி, தராசு, அறுவைக் கருவிகள் இந்த மூன்றும் கட்டாயம். வியா தெல்லாபொந்தான்ஸாவில் ஒரு வீட்டில் 1938இல் கிடைத்த இந்தியத் தந்தப் பெண் சிலையும் அங்கேதான் இருக்கிறது, கால் மீட்டர் உயரம் இருக்கும். முதலில் லட்சுமி என்றார்கள், யட்சி என்று இப்போது பலரும் கருதுகிறார்கள். தமிழகத்திலிருந்து போனது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள், அதற்குச் சான்று இல்லை. நமக்கான உண்மையான தொடர்பு வேறு. முசிறியையும் பாண்டியனையும் மதுரையையும் குறித்துவைத்து, கருமிளகு ராத்தல் நான்கு தினாரி (ரோமானிய வெள்ளிக்காசு) என்று விலையும் எழுதிய ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி, கி.பி. 79இல் இதே வெடிப்பில், பக்கத்து ஸ்தாபியே கரையில் இறந்துபோனார். சிலை இருப்பது பாலியல் படங்கள் வைத்திருக்கும் தனி அறையில், சிறுவர்கள் பெரியவர் துணையோடுதான் போக முடியும். எல்லாரையும் உள்ளே அழைத்துப்போக மனமில்லை என்றால், சிலையின் படத்தை வெளியே வைத்துக் காட்டிவிடுங்கள், பிளினி கதையை அங்கேயே சொல்லலாம்.

அன்புடன்.