பழவேற்காட்டில் படகுக்கு வேக வரம்பு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழவேற்காடு ஏரியில் சுற்றுலாப் படகுச் சவாரியை மறுபடி அனுமதிக்கலாமா, கூடாதா என்ற பேச்சு எங்கள் ஊர் டீக்கடையில் ஓய்ந்ததே இல்லை. இரண்டு தரப்பிலும் எனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். இருவரும் பேசாமல் விடுகிற ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நான்கு இருளர் பெண்கள் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: வலை கிடையாது, தூண்டில் கிடையாது. கழுத்துவரை தண்ணீரில் குந்தி நகர்ந்தபடி, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிப் பிடிப்பார்கள். கை இரண்டும் வேலையில் இருப்பதால், பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பக்கமாக ஒரு பைபர் படகு சீறிக்கொண்டு போனது. அதில் ஏழெட்டு வெளியூர்க்காரர்கள், கையில் போன். படகு போய்விட்டது, பின்னாலேயே அலை வந்தது. முகத்தில் அடித்ததில் ஒரு பெண்ணுக்குப் புரை ஏறி வாய் திறந்துவிட, பறி கவிழ்ந்தது. விடிந்ததிலிருந்து பிடித்த இறால் ஏரிக்கே போய்விட்டது. "ஏரி என்ன உங்கப்பன் போட்ட ரோடா?" என்று அந்த அம்மா கத்தியது இன்ஜின் சத்தத்தில் படகில் யாருக்கும் கேட்டிருக்காது.

சவாரி வேண்டாம் என்பவர்கள் 2011 டிசம்பர் 25-ஐச் சொல்கிறார்கள். அந்தக் கிறிஸ்துமஸ் நாளில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை இந்த ஊர் மறக்காது. தடை வந்தது அதற்குப் பிறகுதான். வேண்டும் என்பவர்கள், தடை காகிதத்தில்தானே இருக்கிறது, வார இறுதியில் கரையில் வந்து பாருங்கள் என்கிறார்கள். அதுவும் உண்மைதான். அனுமதித்துவிட்டு லைஃப் ஜாக்கெட், ஆள் கணக்கு, பதிவு எல்லாவற்றையும் கறாராகப் பாருங்கள் என்பது அவர்கள் வாதம். படகுப் பதிவுக்கும் பாதுகாப்புக்கும் என்று 2021-ல் உள்நாட்டுக் கலன்கள் சட்டம் வந்த பிறகும், 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில் படகு கவிழ்ந்து அங்கேயும் 22 பேர் போனார்கள். ஆகவே கறார் என்ற சொல்லை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்கிறேன்.

இந்த வாதம் எல்லாமே படகுக்குள் உட்கார்ந்திருப்பவரைப் பற்றியது. தண்ணீருக்குள் நிற்பவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பழவேற்காடு ஆழமான ஏரி கிடையாது. பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்கூட இருக்காது. இதில் இன்ஜினை முறுக்கினால் விசிறி சேற்றைக் கலக்கும். அலை கரையை அரிக்கும். படகு ஊர்ந்து போனால் அலையே எழாது. மூக்கைத் தூக்கிக்கொண்டு, பின்புறம் அமுங்கி, பாதி வேகத்தில் போகும்போதுதான் ஆகப் பெரிய அலை எழும். கொஞ்சம் வேகத்தைக் குறைத்துவிட்டேன் என்று சொல்லும் ஓட்டுநர் பல நேரம் இந்த இடத்தில்தான் இருக்கிறார். அலையின் உயரம் இரண்டு மடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும். அமெரிக்காவின் தாஹோ ஏரியில் கரையிலிருந்து 600 அடிவரை படகு அலை எழுப்பாமல் ஊர்ந்துதான் போக வேண்டும் என்று விதி உண்டு. அது மிக ஆழமான ஏரி. நம்முடையதோ முழங்கால் நனைகிற ஏரி.

பூநாரைக் கதை தனி. தலையைக் கவிழ்த்துச் சேற்றில் இரை தேடும் பறவையை, பறக்கும் படம் வேண்டும் என்பதற்காகப் படகை விட்டு விரட்டுகிறார்கள். அத்தனை தூரத்திலிருந்து தின்ன வந்ததைக் கிளப்பிவிட்டு என்ன படமோ.

அதற்காக ஏரி முழுக்க ஊர்ந்து போ என்றால் நானே எதிர்ப்பேன். முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகிறவருக்கு நீரோட்டம் காத்திருக்காது. மணல் தூர்ந்து கிடக்கும் மாதங்களில் வாய்க்கும் சின்ன நேரத்தை விட்டால் அன்றைய பிழைப்பே போச்சு. அந்த வழி அவர்களுக்குத் திறந்திருக்கட்டும். படகுத்துறை ஓரம், இறால் தடவும் இடங்கள், சுத்து வலை கட்டும் இடங்கள், பூநாரை மேயும் சேற்றுத் திட்டு, இவற்றைச் சுற்றி மட்டும் மூங்கில் கழி நட்டு, சிவப்புத் துணி கட்டி, அதற்குள் வந்தால் இன்ஜினைத் தணித்துவிட வேண்டும் என்று வைத்தால் போதும். சுற்றுலாப் படகானாலும் சரி, நம் வீட்டுப் படகானாலும் சரி.

இதெல்லாம் யார் கேட்பார்கள் என்று டீக்கடையில் சிரித்தார்கள். இதே ஏரியில் எந்த ஊர், எந்த நாள், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' வழக்கம் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. அதை மீறினால் என்ன ஆகும் என்று எந்தப் படகுக்காரருக்கும் தெரியும். அரசின் அறிவிப்புப் பலகையை மதிக்காதவர்கூடப் பாடு வழக்கத்தை மதிப்பார். வேகத்துக்கும் அப்படி ஒரு கட்டுப்பாடு ஏன் கூடாது? ஒரு குறை மட்டும் உண்டு. பாடு பேசும் கூட்டத்தில் இருளர் பெண்களுக்கு இடம் இல்லை. இந்தக் கட்டுப்பாட்டைப் பேசும்போது அவர்களையும் கூப்பிட்டு உட்காரவைக்க வேண்டும். இறால் எங்கே ஒதுங்குகிறது என்று அவர்கள் கைக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது.

மார்கழியில் சுற்றுலாக் கூட்டம் வரும். அதற்குள் கழி நட்டாக வேண்டும். மழைக்குப் பிறகு மணல் திட்டு இடம் மாறும் என்பதால் வருஷத்துக்கு ஒரு முறை பிடுங்கி நட வேண்டியிருக்கும். மூங்கிலுக்கு எங்கள் தெருவில் வசூல் செய்து தருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
பழவேற்காடு, திருவள்ளூர் மாவட்டம்.